மகாராணி வாங்கித் தந்த விவாகரத்து

"கொஞ்சம் பொறுங்கோ. அவ கதைக்கப் போறா."

அப்பா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழும்பிப் போய் ரீ.வி.யைப் போட்டார். என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதற்காக வந்திருந்த என் கணவரும் அவருடைய தமையனும் சோபாவில் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். தமையன் ஒரு வசனத்தின் நடுவில் நின்றார். "புருசன் பெண்சாதி எண்டால்..." என்பது வரைக்கும் வந்திருந்தது. புருசன் பெண்சாதி என்றால் என்னவென்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அன்று கிறிஸ்மஸ். இடம், கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அப்பாவும் அம்மாவும் இருந்த அப்பாட்மென்ற். நாங்கள் பரம்பரைச் சைவர்கள். ஆனால் ஸ்காபரோவில் எல்லாத் தமிழருக்கும் ஒரேயடியாக வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான். ஆகவே கலியாணம் பேசுவது, பேசிய கலியாணத்தைக் குழப்புவது, பிரிந்ததை ஒட்டவைப்பது எல்லாவற்றையும் யேசுநாதரின் பிறந்தநாளில்தான் வைத்துக்கொள்வோம்.

ரீ.வி.யில் தேசிய கீதம் தொடங்கியது. அப்பா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு விறைப்பாக எழும்பி நின்றார். அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அம்மா நெருப்பைக் குறைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். தமையனும், எனக்கு அவர் பெரியத்தான், வேறு வழியில்லாமல் எழும்பினார். தமையனாரைப் பார்த்து என் கணவரும் எழும்பினார். நான் நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

என் தலைவிதியைத் தீர்மானிக்க வந்தவர்களும் நாங்களுமாக எல்லோரும் இங்கிலாந்து மகாராணிக்காக வரிசையில் நின்றோம்.

ஒரு வெள்ளைக் கையுறை

போன வாரம் நான் பெட்டி அடுக்கும் கொம்பனியில் வேலை செய்த கதையை எழுதியதும் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கட கலியாணம் என்ன மாதிரி முடிஞ்சது எண்டு எழுத மாட்டியளோ?" என்று கேட்டார்கள். மற்றவர்களின் கலியாணம் முடிந்த கதையில் எங்கள் சனத்துக்கு இருக்கிற அக்கறையை நான் மதிக்கிறேன். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் அப்பாவுக்கும் மகாராணிக்கும் இருந்த தொடர்பைச் சொல்ல வேண்டும்.

தொடர்பு என்றால் அப்பாவின் பக்கத்துத் தொடர்புதான். மகாராணிக்கு இது தெரியாது.

அப்பா கொழும்பில் இளம் கிளாக்கராக இருந்த காலத்தில், முடி சூடிய கையோடு மகாராணி இலங்கைக்கு வந்தார். அப்போது இலங்கைக்கும் அவர்தான் மகாராணி. அப்பா விடியவே போய் வீதியோரத்தில், வெயிலில், கழுத்தில் கடன் வாங்கிய ரையோடு நின்றாராம். கார் போனது. அப்பா கண்டது ஒரு வெள்ளைக் கையுறை. அது இரண்டு தரம் அசைந்தது. அதில் ஒன்று தனக்கென்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் அரச குடும்பத்து ஆள். இலங்கை குடியரசாகி மகாராணியை விலக்கியபோது, பெற்ற தாயைத் தெருவில் விட்டதுபோல அப்பா துக்கம் காத்தாராம். "அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு அழிவு துவங்கினது," என்பார்.

"அதுக்கு முதல் உவ என்ன செய்து கிழிச்சவ?" என்று அம்மா கேட்பார். அம்மா ஊரில் படித்தது ஐந்தாம் வகுப்பு. அரசியலில் அப்பாவை விடக் கொஞ்சம் தெளிவு.

பிறகு கலவரம், சண்டை, ஓட்டம். எல்லோரும் கனடாவுக்கு அகதியாக வந்தார்கள். அப்பா மட்டும் மகாராணியிடம் திரும்பி வந்தார். இங்கே இறங்கி, சில்லறைக் காசில் அவருடைய முகத்தைக் கண்டதும் அப்பாவுக்குக் கண் கலங்கியது. குடிவரவு அதிகாரி அதை நாட்டைப் பிரிந்த துக்கம் என்று நினைத்திருப்பார்.

பலஸ் அண்ணை

அப்பாவுக்கு நல்ல இங்கிலிஷ். வெளியே போனால் கோட்டும் ரையும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மூன்றும் இருந்தால் ஸ்காபரோவில் அந்தக் காலம் நீங்கள் நீதிபதி. புருசன் பெண்சாதிச் சண்டை என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் இருந்து, தொண்டையைச் செருமி, மகாராணியின் சரித்திரத்தைச் சொல்வார். அதனால் அவருக்குப் பட்டப் பெயர் பலஸ் அண்ணை. அந்தப் பட்டத்தில் அவருக்குப் பெருமை. பலஸ் என்றால் அரண்மனைதானே, கிண்டல் எங்கே இருக்கிறது என்று கேட்பார்.

அந்தச் சரித்திரம் எனக்குப் பாடம். நீங்களும் கேளுங்கள்.

"இருபத்தைஞ்சு வயசு, பிள்ளை. ஆபிரிக்காவிலை ஒரு மரத்துக்கு மேலை கட்டின வீட்டிலை மிருகம் பாக்கப் போனவ. ஏறேக்கை இளவரசி. இறங்கேக்கை மகாராணி. தகப்பன் செத்துப்போனார். அழுதவவோ? இல்லை. கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பிளேனாலை இறங்கினவ. பிறகு அந்த மணிமுடி. அது என்ன பாரம் தெரியுமோ? குனிஞ்சு வாசிக்கேலாது, கழுத்து முறிஞ்சுபோம். அதைத் தலையிலை வைச்சுக்கொண்டு நிமிந்து நடந்தவ. அண்டையிலை இருந்து இண்டைவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குக் கஷ்டம் எண்டு வாய் திறந்தவவோ? அதுதான் பொம்பிளை."

இதைக் கேட்டபின் எந்தப் பெண்ணாவது எனக்குக் கஷ்டம் என்று வாய் திறப்பாளா? கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணின் தலையில் மணிமுடி இருக்காது. பெரும்பாலும் ஒரு வீக்கம்தான் இருக்கும். தையல் கொம்பனியில் வேலை செய்த ஒரு பிள்ளை, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், எங்கள் வீட்டுச் சோபாவின் நுனியில் இருந்து முழுச் சரித்திரத்தையும் கேட்டாள். கழுத்து முறிகிற இடம் வந்தபோது தலையை ஆட்டினாள். பிறகு புருசனோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். அப்பாவுக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

"அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி," என்பது அப்பாவின் தாரக மந்திரம். ராணி பொறுத்தார், ஆகவே குடிமக்களின் பெண்களும் பொறுக்க வேண்டும். அம்மா ஒரு நாள் மட்டும், "அவவுக்குச் சட்டி பானை கழுவ ஆக்கள் இருக்கினம். நானும் பொறுப்பன்," என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. அம்மா சொல்லுகிறவை வழமையாக அவருக்குக் கேட்பதில்லை.

சோதனைக் காலம்

தொண்ணூறுகள் அப்பாவுக்குக் கெட்ட காலம். ஒரே வருசத்தில் மகாராணியின் மூன்று பிள்ளைகளின் கலியாணமும் ஆடிப்போனது. போதாததற்கு ஒரு கோட்டையும் எரிந்தது. அந்தக் கோட்டை எரிவதை அப்பா ரீ.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, எங்கள் சொந்த வீட்டுக்குக் குண்டு விழுந்த செய்தி வந்தபோதுகூட இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடு மட்டும்தான் போனது, அதையும் சொல்ல வேண்டும்.

மகாராணியின் மகள் விவாகரத்து எடுத்தார். "அது வேறை," என்றார் அப்பா. என்ன வேறை என்று கேட்கக் கூடாது. பட்டத்து இளவரசரும் மனைவியும் பிரிந்து வாழப்போவதாகச் செய்தி வந்தது. "பிரிஞ்சு இருக்கினம். அவ்வளவுதான். விவாகரத்துக்கு அவ விடமாட்டா. நீங்க இருந்து பாருங்கோ," என்றார். நாங்கள் இருந்து பார்த்தோம்.

இந்த நேரத்தில் எனக்கும் ஒரு இளவரசர் இருந்தார்.

பதினான்காவது மாடி

என் கணவரைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்ல பெடியன் என்றுதான் சொன்னார்கள். குடிக்க மாட்டார். சிகரெட் இல்லை. கோயிலுக்குத் தவறாமல் போவார். கை நீட்டி என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதை அவரே எல்லோருக்கும் சொல்வார். "நான் இவளிலை ஒரு நாளும் கை வைச்சது கிடையாது." உண்மைதான். அவர் கை வைத்தது பல்கனிக் கதவில்.

நாங்கள் இருந்தது பதினான்காவது மாடி. என் வாய் நீண்டால் அவர் என்னைப் பல்கனிக்குத் தள்ளி உள்ளே கொழுவியைப் போட்டுவிடுவார். "கொஞ்சம் ஆறிப்போட்டு வா," என்பார். கோடையில் தொடங்கிய வைத்தியம் இது. அப்போது கீழே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இலையுதிர் காலத்தில் கொஞ்சம் குளிர்ந்தது. மார்கழி தொடங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், நான் தொலைபேசியில் சிநேகிதியோடு அதிகம் கதைத்ததற்காக, வீட்டில் உடுத்தும் சோட்டியோடு, வெறுங்காலோடு வெளியே விட்டார். பல்கனித் தரையில் பனி இறுகிக் கிடந்தது.

விட்டவர் மறந்துபோனார். வீடியோவில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் கண்ணாடிக்கு உள்ளே வந்து நின்றாள். விளையாட்டு என்று நினைத்து, என் மூச்சுப் பட்டு மங்கிப்போன இடத்தில் உள்ளிருந்து விரலால் கோடு கீறினாள். நான் சிரித்தேன். அவள் பயப்படக் கூடாதே என்று பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பல்கனிக்கு சிகரெட் பிடிக்க வந்த ஜமேக்காக்கார அம்மா என்னைக் கண்டார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் கண்ணாடிக் கதவைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவருக்கு மேலால் நீட்டினார். அதற்குப் பிறகு என் கணவரின் கதவில் போய் அவர் தட்டிய தட்டில் படம் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தபோது என் இளவரசர் கேட்டது, "இப்ப ஆறிட்டுதோ?"

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனதும் மகளையும் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு வோபர்னுக்கு வந்தேன். என் கால்விரல் இரண்டு இன்றைக்கும் குளிர் தொடங்கினால் எனக்கு முதல் அதை அறிந்துவிடும்.

ஊர் மரத்துக்குக் கீழே கிடக்கையில்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். அப்பாவிடம் அம்மா என்ன சொன்னாரோ தெரியாது. அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "கிறிஸ்மஸுக்கு அவையை வரச் சொல்லியிருக்கிறன். கதைச்சு அனுப்பிவிடுறன்," என்று மட்டும் சொன்னார். அனுப்புவது யாரை என்று கேட்கத் தேவையில்லை. வந்திருந்த பார்சல் நான்தான்.

"அப்பா, நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டன்," என்றேன்.

"ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நடந்து போய் மரத்துக்குக் கீழை கிடக்குது. உனக்கு ஹீற்றரோடை ஒரு வீடு இருக்கு," என்றார்.

இது உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணம் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் வெளிக்கிட்டு மழைக்குள் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் சொந்த மாமியும் எங்கேயோ பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தார். அதற்குப் பக்கத்தில் என் பல்கனியை வைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. ஹீற்றர் வீட்டுக்கு உள்ளே, நான் வெளியே என்பதைச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஒரு நாட்டின் துன்பத்தை எடுத்து ஒரு பெண்ணின் வாயை மூடுவது எவ்வளவு வசதி என்று அன்று படித்தேன். பல இயக்கங்களும் பல புருசன்மாரும் ஏற்கனவே அறிந்த விசயம்தான். எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது.

அரண்மனைச் செய்தி

கிறிஸ்மஸுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஆறு மணிச் செய்தியில் அரண்மனையைக் காட்டினார்கள். அப்பா சத்தத்தைக் கூட்டினார். மகாராணி தன் மகனுக்கும் மருமகளுக்கும், பிரிந்து இழுபட்டது போதும், இனி விவாகரத்து எடுப்பதுதான் நல்லது என்று எழுதிவிட்டாராம். அரண்மனையே அதை ஒப்புக்கொண்டதாம்.

அப்பா ரீ.வி.யை நிறுத்தினார். திரும்பப் போட்டார். வேறு சானலிலும் அதே செய்தி. திரும்ப நிறுத்தினார்.

"இஞ்சேருங்கோ, என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை. மழையாம்."

அடுத்த நாள் அப்பா பேப்பர் வாங்கப் போகவில்லை. அதற்கடுத்த நாள் முகம் வழிக்கவில்லை. செத்த வீட்டுக்காரர் மாதிரித் தாடியோடு ஜன்னலில் நின்றார். "ஆர் செத்தது? எங்களுக்கும் துடக்கோ?" என்று அம்மா கேட்டார். நான்தான் அம்மாவுக்குச் செய்தியைச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தி யோசித்தார்.

"மாமியாரே சொல்லிப்போட்டாவோ?" என்றார். "நல்ல மனுசி."

எனக்கு நம்பிக்கை வந்ததென்று எழுத ஆசை. வரவில்லை. அப்பா தன் வாழ்க்கையில் எதிர்மாறான செய்தி எதையும் கேட்டதில்லை. அவருக்கு அது மழைதான்.

கை நனைக்காத விருந்தாளிகள்

கிறிஸ்மஸ் காலை அப்பா முகம் வழித்து, கோட்டும் ரையும் போட்டு நீதிபதியாகிவிட்டார்.

பெரியத்தான் மார்க்கம் நகரிலிருந்து புது வான் வண்டியில் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பிஸ்கட் ரின்னும் கொண்டுவந்தார். வெறுங்கையோடு வரக் கூடாது. ஆனால் காரியம் முடியும்வரை பெண் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. இதுவும் முறை. அம்மா வைத்த தேத்தண்ணி அவர்களுக்கு முன்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ரோல்ஸ் வாசத்தில் என் கணவரின் மூக்கு இரண்டு தரம் விரிந்ததை நான் கண்டேன். தமையன் இருந்தபடியால் அவர் பொறுத்துக்கொண்டார். அவருக்கும் பொறுமை இருந்தது என்று பதிவு செய்கிறேன்.

பேச்சுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் அப்பா கையைத் தூக்கி மகாராணிக்கு இடம் விட்டார். அங்கேதான் நான் உங்களை நிறுத்தியிருந்தேன்.

கீதம் முடிந்து எல்லோரும் இருந்தோம். மகாராணி பேசினார். உலகத்துச் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். எந்தெந்த நாட்டுச் சண்டையெல்லாமோ வந்தது. மரத்துக்குக் கீழே கிடந்த எங்கள் சனம் வரவில்லை. அவருடைய வீட்டுச் சண்டையும் வரவில்லை. அப்பா முன்னுக்குச் சரிந்து, ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்தச் செய்தி பொய் என்று மகாராணியே சொல்லிவிடுவார் என்று அப்பா எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை. முடிந்தது. அப்பா ரீ.வி.யை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

பெரியத்தான் விசயம் தெரிந்த ஆள். அப்பாவின் முகம் இளகியிருப்பதைக் கண்டு, அப்பாவின் மருந்தையே அப்பாவுக்குக் கொடுத்தார்.

"பாத்தியளோ மாமா, என்ன நிதானம். நீங்க எல்லாருக்கும் சொல்லுறதுதானே. அவ படாத பாடோ? ஒரு நாள் வாய் திறந்தவவோ? எங்கட தங்கச்சியும் கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் சரிவரும்."

இனி மரத்து வீடு வரும், முடி வரும், கழுத்து முறியும், நான் மகளோடும் இரண்டு பையோடும் அந்தப் புது வானில் ஏறுவேன். அன்று மாலை பதினான்காவது மாடி.

"அவ பொறுக்கச் சொல்லேல்லை, பெரியத்தான்," என்றேன். "போதும், விவாகரத்து எடுங்கோ எண்டு தன்ர மகனுக்கும் மருமகளுக்கும் எழுதிப்போட்டா. நியூசிலை வந்தது."

அடுப்படியில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. கம்பளத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மழைதான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் அப்படியே போயிருந்தால், தொண்டையைச் செருமி, "அது வேறை," என்று சொல்லியிருப்பார். எனக்கு நிச்சயம்.

என்னைக் காப்பாற்றியது என் கணவர்.

அவர் சிரித்தார். "உந்தக் கிழவிக்கு விசர்," என்றார். "வெள்ளைக்காரச் சனியனுகள். உதுகளுக்குக் குடும்பம் எண்டால் என்னெண்டு தெரியும்?"

தீர்ப்பு

அப்பாவின் கழுத்து ரைக்கு மேலே சிவந்து வருவதைப் பார்த்தேன். என்னைப் பனியில் விட்ட கதை கேட்டு ஒரு கிழமையாக நிறம் மாறாமல் இருந்த அதே கழுத்துத்தான்.

"தம்பி, எழும்பும்," என்றார்.

என் கணவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் கீதம் வரப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பினார்.

"என்ர வீட்டிலை இருந்துகொண்டு ஆரைக் கிழவி எண்டு சொன்னனீர்?"

"மாமா, அவன் தெரியாமல்..." என்று பெரியத்தான் இடையில் புகுந்தார்.

"நீங்க பொறுங்கோ. நாப்பது வருசத்துக்கு மேலை அந்த மனுசி முடியைச் சுமக்கிறா. ஒரு தாய். தன்ர பிள்ளையளின்ர கலியாணம் சரிவராது எண்டு கண்டு, வெக்கத்தை விட்டு, உலகத்துக்கு முன்னாலை போதும் எண்டு சொல்லியிருக்கிறா. அவவே சொல்லிப்போட்டா எண்டால் நான் ஆர் அதுக்கு மேலை? என்ர பிள்ளை இஞ்சை இருக்கட்டும். நீங்க வந்த வழியைப் பாருங்கோ."

சொல்லச் சொல்ல அப்பாவின் குரல் உயர்ந்தது. கடந்த சில நாட்களாக அவர் முகம் வழிக்காமல் ஜன்னலில் நின்று தேடிக்கொண்டிருந்த விளக்கம் இதுதான். பொறுத்த மகாராணியும் போதும் என்ற மகாராணியும் அவருக்குள் ஒரு வழியாகச் சமாதானமாகிவிட்டார்கள். எனக்காக வைத்த சமாதானப் பேச்சில் சமாதானமானது அந்த இரண்டு பேரும்தான்.

அவர்கள் கை நனைக்காமலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவசரத்தில் பெரியத்தான் சப்பாத்தைக் கால் மாறிக் கொழுவி, கொறிடோரில் குனிந்து நின்று சரிசெய்தார். அம்மா கதவைப் பூட்டி, சங்கிலியையும் போட்டுவிட்டு, அதில் சாய்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆறினால் நல்லாயிராது," என்று ரோல்ஸை எங்கள் முன்னால் வைத்தார். நான் ஐந்து சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி எனக்கு அதற்கு முதலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

செய்தி ஸ்காபரோ முழுக்கப் போனது. பலஸ் அண்ணை மகளைத் திரும்ப ஏற்றுக்கொண்டாராம். சிலர் காறித் துப்பினார்கள். ஆனால் அதிகம் பேர் பாராட்டினார்கள். முற்போக்குவாதி என்றார்கள். ஒரு வாசிகசாலை விழாவில் பெண் விடுதலை பற்றிப் பேச அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போய் மகாராணியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கைதட்டல் பலமாக இருந்ததாம்.

அந்தப் பாராட்டெல்லாம் பிறகு வந்தது. நான் சொல்ல வந்தது அந்தக் கிறிஸ்மஸ் மாலையில் நடந்ததை.

மகள் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டாள். அப்பா கோட்டைக் கழற்றி, ரையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். ஒரு பெரிய காரியத்தைச் சரியாகச் செய்து முடித்த ஆளின் முகம். அந்த முகத்தைப் பார்த்து நன்றி சொல்லத்தான் நான் பக்கத்தில் போனேன். வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது.

"அப்பா, அவ அப்பிடி எழுதாமல் விட்டிருந்தால்?"

என் முகத்தைப் பார்த்து அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பொய்யால் அந்த நாளை எனக்கு முழுதாகத் தந்திருக்கலாம். ரை பாதிக் கழுத்தில் நின்றது.

"அனுப்பியிருப்பன், பிள்ளை," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் கிடத்தினேன்.

அன்றிலிருந்து அந்த மகாராணியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. யாரும் குறைத்துப் பேசினால் எழும்பிப் போய்விடுவேன். அப்பாவின் மேல் எனக்கு இருப்பது அன்பு. நிறைய அன்பு. மரியாதை மட்டும் கேட்காதீர்கள்.